தமிழில் தேடுவார்க்குத் தமிழ் வழக்கறிஞர் தென்படாதது ஏன்?

ஆலையில் உழைப்பவர் தமிழர். அவ்வாலைக்காக நிலத்தை இழந்தவர் தமிழர். அவ்விருவர்க்காகவும் மன்றமேறி வழக்காடக் கூடியவரும் தமிழரே. ஆயினும், இடர் வந்த நாளில் முன்னவர் பின்னவரைத் தேடினால் கண்டறிய முடிவதில்லை. இருவரும் ஒரே ஊரில், ஒரே தேநீர்க் கடைக்கு எதிரெதிரே இருந்தாலும் முடிவதில்லை. கரணியம், தேடுபவர் தமிழில் தேடுகின்றார். தேடப்படுபவரோ தம் பெயரையும் ஊரையும் தொழிலையும் ஆங்கிலத்தில் எழுதி அதனுள் ஒளிந்துகொண்டிருக்கின்றார். இவ்விழிநிலையைப் பற்றியே இத்திங்கள் எழுதப் புகுந்தோம்.

கடைப் பெயர்ப்பலகை தமிழில் வேண்டும் என்று பல்லாண்டுகளாகப் போராடி வருகின்றோம். அதற்கு அரசு விதியும் உண்டு. ஆனால், தெருவில் தொங்கும் பலகையையே நாம் நோக்கிக்கொண்டிருந்த வேளையில், இன்னொரு பெயர்ப்பலகை நம் கண்ணுக்குத் தப்பி, ஏறத்தாழ முழுதும் ஆங்கிலமாகிவிட்டது. கைப்பேசியில் ஒரு சொல்லை இட்டுத் தேடினால் இணையத் தேடுபொறி காட்டும் பட்டியலே அப்பலகை. இன்று தெருப்பலகையைப் பார்த்து வழக்கறிஞரைத் தேடிச் செல்வோர் சிலர். கைப்பேசியைப் பார்த்துச் செல்வோர் பலர். அங்கே தமிழ் இல்லையென்றால், தெருவில் இருந்தும் பாதிப் பயனே.

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் நிலப்பரப்பை எடுத்துக்கொள்வோம். ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த மண் இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் மகிழுந்து உருவாக்கம் தொடங்கியது. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கி, 2014-இல் மூடப்பட்டது, பல்லாயிரவர் வேலையிழந்தனர். 2010-இல் ஒரகடத்தில் இரெனோ-நிசான் ஆலை வந்தது. வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம், சுங்குவார்சத்திரம் என்று ஊருக்கூர் ஆலைகள் எழுந்தன. 2021 திசம்பரில் விடுதி உணவால் உடல்நலம் கெட்ட பெண்தொழிலாளர்க்காக அவர்தம் தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதை நாடே கண்டது. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள்கள் நீண்டது. தம் தொழிற்சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளும் எளிய உரிமைக்கும் அவர்கள் உயர் முறைமன்றத்தின் (நீதிமன்றத்தின்) படியேற வேண்டியிருந்தது. 2025 சனவரியில்தான் பதிவு கிட்டியது.

நிலம் இழந்தவர் நிலையும் இதுவே. தொழிற்பணிகளுக்காக நிலம் எடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இல் பிறந்தது. 2019 சூலையில் சென்னை உயர் முறைமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிரூட்டியது. 2021 சூனில் உச்ச முறைமன்றம் அவ்வுயிரூட்டலை ஏற்றது. செல்லும், செல்லாது, மீண்டும் செல்லும் என்னும் இச்சுழலில், அரைக்காணி நிலம் வைத்திருந்த உழவன் தன் இழப்பீட்டு உரிமை எங்கே நிற்கின்றது என்று எவரைக் கேட்பான்?

ஆகவே, இம்மண்ணில் சட்டம் என்பது செல்வர்க்கே உரிய ஆடம்பரப் பொருளன்று, அன்றாடத் தேவை. அச்சுப் பொறியில் விரல் நசுங்கியவன், காட்டிய கரணியமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவள், ஒப்பந்தக்காரன் கூலி கொடாது ஓடிப்போனதால் கைபிசைந்து நிற்பவன் ஆகிய இவர்களெல்லாரும் இரவுப் பணி முடித்து வந்து, விடுதி அறையில் கைப்பேசியை எடுத்துத் தேடுகின்றார்கள். அவர்கட்குக் கிடைப்பது என்ன? ஆங்கிலப் பக்கங்கள், சென்னைப் பெருநிறுவனங்களின் விளம்பரங்கள், 'உம் எண்ணைத் தருக, நாங்கள் வழக்கறிஞரை அனுப்புகின்றோம்' என்னும் இணையத் தரகர்கள். முறைமன்ற வாயிலில் நின்று வழக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகனை நாம் அறிவோம். அவன் இப்பொழுது கைப்பேசிக்குள் குடியேறியிருக்கின்றான். அவனுக்கு அங்கே இடம் விட்டுக் கொடுத்தவர், தம் பெயரைத் தமிழில் எழுத நாணிய நம் வழக்கறிஞர்களே!

இத்தேடுபொறி ஏதோ மாயமென்று மருள வேண்டா. சங்க நூல்கட்குச் சொல்லடைவு தொகுத்த புலவர் மரபினர்க்கு இது புதிதுமன்று. எந்தச் சொல் எந்தப் பாட்டில், எந்த அடியில் வருகின்றது என்று அவர்கள் தொகுத்தது போலவே, இப்பொறியும் வலைப்பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எப்பக்கத்தில் உள்ளது என்று அடைவு தொகுத்து வைக்கின்றது. நீங்கள் ஒரு சொல்லை இட்டதும் அவ்வடைவைப் புரட்டி எடுத்துக் கொடுக்கின்றது. பாட்டில் இல்லாத சொல் சொல்லடைவில் எப்படி வரும்? பக்கத்தில் தமிழே இல்லையென்றால் தமிழில் தேடுவார்க்கு அப்பக்கத்தைப் பொறி எப்படி எடுத்துக் காட்டும்?

அண்மையிலுள்ள தொழிலகங்களை வரிசைப்படுத்துவதற்குப் பொருத்தம், தொலைவு, பெயர்பெற்ற நிலை என்னும் மூன்றையே தலையாகக் கொள்வதாகக் கூகுள் நிறுவனமே கூறியுள்ளது. அவ்வரிசையில் மேலேறுவதற்குத் தன்னிடம் பணம் கட்ட வழியில்லை என்றும் அது கூறுகின்றது. விலை கொடுத்து இடும் விளம்பரம் வேறு. அஃது விலைக்கு இடப்பட்டது என்று காட்டும் குறியோடு தனியே நிற்கும். இதை உற்று நோக்குக. தொலைவு என்னும் அளவையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைப் பெருநிறுவனத்தைக் காட்டிலும், உள்ளூர் முறைமன்றத்துக்கு அருகில் ஓரறை அலுவலகம் வைத்திருக்கும் இளம் வழக்கறிஞரே முந்தி நிற்கின்றார். பொருத்தம் என்னும் அளவையில்தான் அவர் தோற்கின்றார். தேடுபவர் சொல்லோடு அவர் சொல் பொருந்தவில்லை. இத்தோல்வி எவரும் அவர்மேல் சுமத்தியதன்று; அவரே தேடிக்கொண்டது.

என்னிடம் தமிழ் படித்து, இன்று இப்பகுதியில் வழக்கறிஞராய் விளங்கும் ஒருவர்தம் வலைப்பக்கத்தை அண்மையில் எனக்குக் காட்டினார். கண்ணைக் கட்டிய பெண்ணின் சிலை, துலாக்கோல், தடித்த நூல்கள் என்று படங்கள் பல; எழுத்து முழுதும் ஆங்கிலம். 'தமிழ் எங்கே?' என்றேன். 'இருக்கின்றது, ஐயா' என்று பக்கத்தின் அடியில் ஒரு வரியைக் காட்டினார். அவ்வரியும் படமாகச் செருகப்பட்டிருந்தது, எழுத்தாக இல்லை. ஊர்ப்பெயரையும் 'வழக்கறிஞர்' என்ற சொல்லையும் இட்டுத் தேடினோம். அவர் பெயர் முதற்பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. இவரை முதலிடத்தில் ஏற்றித் தருவதாகத் திங்கள்தோறும் பணம் கேட்கும் முகவர் ஒருவர் வேறு வந்து போயிருக்கின்றார். தமிழில் பத்து வரி எழுதினால் கிட்டத் தொடங்குவதற்கு, ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பணத்தைக் கொட்டுவதா?

தமிழில் எழுதியும் தோற்பவர் உளர். அஃது இன்னும் இரங்கத்தக்கது. முன்னாளில் கணினித் தமிழுக்கென்று நிறுவனத்துக்கொன்றாக எழுத்துருக்கள் இருந்தன. அவற்றில் தட்டினால் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். பொறியின் உள்ளே பதிவாவதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. ஒருங்குறி வந்து அக்குறையை நீக்கிற்று. 1999-இல் தமிழ்நாட்டரசு 'தமிழ் 99' விசைப்பலகையை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதன் பின்னும் அச்சகத்துப் பழைய எழுத்துருவில் அடித்து, அதைப் படமாக்கிப் பக்கத்தில் ஒட்டும் பழக்கம் ஒழியவில்லை. தமிழைத் தமிழ் எழுத்தாகவே இடுக! ஒருங்குறியில் இட்டால்தான் பொறியும் அதைத் தமிழென்று அறியும்.

இனி ஊர்ப்பெயருக்கு வருவோம். திருப்பெரும்புதூர் என்பது நம் வாயிலும் எழுத்திலும் இயல்பாக அமைந்த பெயர். அதையே 'ஸ்ரீபெரும்புதூர்' என்று வடவெழுத்தை முன்னொட்டி எழுதுவார் பலர். ஆங்கில எழுத்திலோ, கூட்டுவார் கூட்டியபடியெல்லாம். வடசொல்லை ஏற்க நேர்ந்தாலும் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்று தொல்காப்பியர் வகுத்த நெறி எத்துணை முன்னறிவு உடையது என்பது இப்பொழுது விளங்குகின்றதா? ஓர் ஊருக்கு நான்கு எழுத்துக்கூட்டல் இருந்தால் அவ்வூர் அடைவில் நான்காகச் சிதறும். மாந்தன் நான்கும் ஒன்றே என்று உடனே உணர்வான். பொறியோ அதைக் கற்றுத் தெரிந்தால்தான் உணரும். தமிழ்நாட்டரசு 2020 சூனில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு இயையத் திருத்தி வெளியிட்டுச் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசு பின்வாங்கினால் பின்வாங்கட்டும். தம் பலகையில் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுத எந்த அரசாணை வேண்டும்?

'ஐயா, மக்கள் வக்கீல் என்றுதானே தேடுகின்றார்கள்? நீங்கள் வழக்கறிஞர் என்று எழுதினால் எப்படித் தென்படும்?' என்று கேட்பார் உளர். இது நேர்மையான வினா, நேர்மையாகவே விடையிறுப்போம். வக்கீல் என்பது முகமதியர் ஆட்சிக்காலத்து ஆவணங்கள் வழியே நம்மிடம் வந்த அரபுச் சொல். அதை வீழ்த்தி வழக்கறிஞர் என்னும் சொல் இதழ்களிலும் மேடைகளிலும் மன்ற வளாகங்களிலும் நிலைபெற்றது, 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியின் வெற்றிகளுள் ஒன்று. ஆகவே, தலைப்பிலும் பெயருக்கு அருகிலும் வழக்கறிஞர் என்றே நிற்க வேண்டும். வழக்குரைஞர் என்னும் வடிவமும் வழக்கில் உள்ளது. அதையும் ஓரிடத்தில் எழுதுக. இரண்டும் தமிழே.

இன்னும் வக்கீல் என்றே தேடும் முதியவரைக் கைவிடுவதா எனின், வேண்டா. அடிகளாரின் மகளார் நீலாம்பிகையம்மையார் தொகுத்த வடசொற்றமிழ் அகரவரிசையை நினைவு கூர்க. அயற்சொல்லைக் களைய வந்த அந்நூல் அயற்சொல்லை எழுதாமலா விட்டது? ஒரு பக்கம் அயற்சொல்லையும் மறுபக்கம் தமிழ்ச்சொல்லையும் நிறுத்தி, இதிலிருந்து இதற்கு வருக என்று கைபிடித்து அழைத்தது. அவ்வாறே, 'வக்கீல் எனப்படும் வழக்கறிஞர்' என்று ஒரே ஓரிடத்தில் எழுதுக. பழைய சொல்லால் தேடி வருபவர் புதிய சொல்லைக் கற்றுச் செல்வார். அது வளைந்து கொடுப்பதன்று, வழிகாட்டுவது. ஆனால், 'அட்வகேட்', 'லாயர்', 'லீகல் அட்வைசர்' என்று பக்கமெல்லாம் வாரியிறைத்து, ஒரே சொல்லை நூறுமுறை திணித்துப் பொறியை ஏமாற்ற முயல்வாருடன் நமக்கு உடன்பாடில்லை. சொல்திணிப்பைத் தேடுபொறிகளும் குற்றமாகவே கொண்டு பின்தள்ளுகின்றன.

இன்னொரு தடை எழுப்புவார், 'வழக்கறிஞர் தொழில் விளம்பரத்துக்கு உரியதன்றே' என்பர். உண்மை! பார் கவுன்சில் என வழங்கும் இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் 36-ஆவது விதி, நேராகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதையும், தரகரை வைத்து வழக்குப் பிடிப்பதையும் தடுக்கின்றது. பெயர்ப்பலகைகூட அளவோடு இருக்க வேண்டும் என்கின்றது. அவ்விதியை நாம் முழுதும் வரவேற்கின்றோம். ஆனால், 2008-இல் அதே விதியில் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. பெயர், முகவரி, தொலைப்பேசி எண், மின்னஞ்சல், பதிவெண், பதிவு செய்த நாள், கல்வித் தகுதி, வழக்காடும் துறைகள் முதலிய குறிப்புகளை வலைப்பக்கத்தில் தருவதற்கு இசைவளிக்கப்பட்டது. இவற்றை ஆங்கிலத்தில்தான் தரவேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை!

2024 சூலை 3 அன்று சென்னை உயர் முறைமன்றத்தின் இரு நடுவர் அமர்வு அளித்த தீர்ப்பையும் அறிந்துகொள்க. இணைய நிறுவனங்கள் வழியே வழக்குப் பிடிக்கும் வழக்கறிஞர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும், அத்தகைய விளம்பரங்களை நீக்கச் செய்யவும் அது வழக்கறிஞர் குழுமத்துக்குக் கட்டளையிட்டது. வழக்கறிஞர்க்குத் தரவரிசையும் மதிப்பெண்ணும் இட்டுச் சந்தைப் பொருளாக்குவதைக் கண்டித்தது. நன்று! தரகனை வெளியேற்றுங்கள். ஆனால், தரகன் போன இடத்தில் எவர் நிற்கப் போகின்றார்? வழக்கறிஞர் தம் பெயரையும் இருப்பிடத்தையும் தொழிற்றுறையையும் நேர்மையாகத் தமிழில் எழுதி வைத்தால் தரகனுக்கு வேலையே இராது. எழுதாவிட்டால் அவன் வேறு முகமூடி அணிந்து மீண்டும் வருவான். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது விளம்பரம்; இன்ன இடத்தில் இன்னார் இருக்கின்றார் என்று அறிவிப்பது பெயர்ப்பலகை. இவ்வேறுபாட்டை அறியாதார் சட்டம் கற்றும் பயனில்லை.

'தமிழில் எழுதினால் ஆலை முதலாளிகள் வரமாட்டார்கள்' என்பது மூன்றாம் தடை. ஆலை முதலாளி சிற்றூர்ச் சிறு வழக்கறிஞரைக் கைப்பேசியில் தேடி வந்ததை எவரேனும் கண்டதுண்டா? அவர்கட்குச் சென்னையிலும் தில்லியிலும் பெருநிறுவனங்கள் காத்துக் கிடக்கின்றன. உம்மைத் தேடி வருபவர் ஒப்பந்தத் தொழிலாளி, உழவர், கணவனால் கைவிடப்பட்ட பெண், வாடகைக்காரருடன் வழக்காடும் வீட்டுக்காரர். வாராத முதலாளிக்காக வாயிலைத் திறந்து வைத்து, வரும் ஏழைக்கு வாயிலை அடைப்பதா? ஆங்கிலப் பக்கம் வேண்டுமெனின் இரண்டாவதாக வைத்துக்கொள்க. வடபுலத்திலிருந்து பிழைக்க வந்து இங்கு வஞ்சிக்கப்படும் தொழிலாளிக்கும் முறை கிடைக்கத்தான் வேண்டும். அவர்க்கு அவர் மொழியில் ஒரு பக்கம் எழுதுவதை நாம் தடுக்கவில்லை. தமிழ் முதலில் நிற்கட்டும் என்கின்றோம்; தமிழை அழித்துவிட்டு அவ்விடத்தில் பிறவற்றை எழுதாதீர் என்கின்றோம்.

செய்ய வேண்டியவை சிலவே. விதி இசைந்த குறிப்புகளை ஒருங்குறித் தமிழில் எழுதுக. 'திருப்பெரும்புதூர் வழக்கறிஞர்' என்று பெயர்ச்சொற்கள் வேற்றுமையுருபு ஏலாமல் ஓரிடத்திலேனும் நிற்கட்டும். உருபேற்றுத் திரிந்த தமிழ்ச் சொல்லினின்று வேர்ச்சொல்லைப் பிரித்தறிவதில் பொறி இன்னும் தடுமாறுகின்றது. ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம், படப்பை என்று நீங்கள் உண்மையிலேயே சென்று வழக்கெடுக்கும் ஊர்களின் பெயர்களைத் தமிழில் எழுதுக. இணைய நிலப்படத்தில் இருப்பிடத்தைக் குறிக்கப் பணம் வேண்டா. அங்கும் பெயரைத் தமிழில் தருக. பெயரும் முகவரியும் எண்ணும் எல்லா இடத்தும் ஒன்றுபோல் இருக்கட்டும். போலிப் பாராட்டுரைகளை விலைக்கு வாங்காதீர். அது தொழிலுக்கும் இழுக்கு, தமிழுக்கும் இழுக்கு.

இவை தனியொருவர் செய்யத் தக்கவை. மன்றங்கள் செய்யத் தக்கது ஒன்றுண்டு. ஆலை நேர்ச்சியில் (விபத்தில்) அடிபட்டவர் முதலில் செய்ய வேண்டுவன யாவை? வேலைநீக்க ஆணை கையில் வந்தால் எத்தனை நாளுக்குள் எங்கே முறையிடுவது? நில இழப்பீடு குறைவெனின் யாரிடம் செல்வது? இவற்றுக்குத் தமிழில் தெளிந்த விளக்கம் இணையத்தில் அரிதாகவே கிடைக்கின்றது. இன்று தேடுபொறி செயற்கையறிவைக் கொண்டு தானே விடை புனைந்தும் தருகின்றது. நல்ல தமிழ் விளக்கம் இல்லாதவிடத்து, எங்கோ உள்ள ஆங்கிலத்தைப் பெயர்த்து, நம் நாட்டுக்குப் பொருந்தாததையும் கலந்து தரும். கெடுநாள் கடந்துவிட்டால் உரிமை கைநழுவும். பொறியா வந்து ஈடு செய்யும்? வட்டார வழக்கறிஞர் மன்றங்களும் தமிழ் அமைப்புகளும் கூடி, எவர் பெயரையும் புகழாமல், இவ்விளக்கங்களை எழுதி வெளியிடுக. ஏழையர்க்குக் கட்டணமின்றி வழக்கறிஞரைத் தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்னும் எண்ணையும் ஒவ்வொரு பக்கத்திலும் இடுக.

மேலிடத்தாரையும் விட்டுவிடுவதற்கில்லை. ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது; 1976-இல் திருத்தப்பட்டுக் கீழமை மன்றங்களில் தமிழுக்கு வழி பிறந்தது. உயர் முறைமன்றத்திலும் தமிழ் வேண்டுமென்று 2006 திசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நடுவணரசு அதை இன்றளவும் நிறைவேற்றவில்லை. 2019-இல் உச்ச முறைமன்றத் தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிட முனைந்த போது முதற்பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே சேர்த்தனர். கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால், மேன்மன்றத்தில் தமிழ் கேட்கும் வழக்கறிஞர் தம் பெயர்ப்பலகையில் தமிழை வைக்காதிருந்தால், அக்கோரிக்கைக்கு வலிமை எங்கிருந்து வரும்?

மறைத்து வைக்க வேண்டிய மறைமொழியை ஊரறிய உரைத்தவர் என்று மரபு போற்றும் இராமானுசர் பிறந்த ஊர் திருப்பெரும்புதூர். அவ்வூர் வழக்கறிஞர் மறைக்க வேண்டாத தம் பெயரையே ஆங்கிலத்துள் மறைத்து வைத்திருக்கின்றார்.

தமிழ் வழக்கறிஞர்களே! கட்சிக்காரரிடம் தமிழில் பேசுகின்றீர். சான்றாளரைத் தமிழில் வினவுகின்றீர். கட்டணத்தையும் தமிழில்தான் கேட்டு வாங்குகின்றீர். பெயரை எழுதும்போது மட்டும் ஏன் கை கூசுகின்றது? இத்திங்கள் முடிவதற்குள் தமிழில் பத்து வரி எழுதுங்கள். இதைப் படிக்கும் அன்பர்களே! உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் இவ்விதழை எடுத்துச் சென்று காட்டுங்கள். தட்டத் தெரியாதார்க்கு உடனமர்ந்து தட்டிக் கொடுங்கள். நசுங்கிய விரலோடு ஒரு தொழிலாளி தமிழில் தேடும் இரவில், ஒரு தமிழ் வழக்கறிஞரின் பெயர் தமிழிலேயே அவன் கண்முன் நிற்கட்டும்!